உப்பில்லாத இருபத்தொன்பது நாட்கள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது.

ஈப்போவில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். சிறுநீர்க் கோளாறு பார்க்கும் டாக்டரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். எனக்கு முன் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும். அவருக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய். அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மடியிலோ ஒரு பழைய சாஸ் பாட்டில், உள்ளே கறுப்பாக ஏதோ கஷாயம்.

“நாப்பத்தெட்டு நாளு முடியட்டும். அதுக்கு முன்ன வேற மருந்து ஒடம்புல படக்கூடாதுன்னு வைத்தியரு சொல்லிட்டாரு லா,” என்றார் அவர்.

“டாக்டரு ஒரு மாசந்தானே குடுத்திருக்காரு.”

“ஒரு மாசத்துக்கும் நாப்பத்தெட்டு நாளுக்கும் பதினெட்டு நாளுதான் வித்தியாசம். பதினெட்டு நாளுல என்னா ஆயிரும்?”

அந்த அம்மாள் மடியில் இருந்த சாப்பாட்டு அடுக்கின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அப்புறம் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உயிரோடு இருக்கிறவர்களை எழுத எனக்குப் பயம். யாராவது படித்துவிட்டு அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். அதனால் இருவரையும் அப்படியே தூக்கி நூறு வருஷம் பின்னால் வைத்தேன். 1926. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். டவுனிலிருந்து ஏழாவது மைலில் இருப்பதால் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். அவருக்குச் சன்னாசி என்று பெயர் வைத்தேன். அவளுக்கு வீரம்மா.

வைத்த பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது. இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. டாக்டர் பேச்சைக் கேட்டால் பேரன் கல்யாணம் வரைகூட இருக்கலாம். நான் சன்னாசியைக் கொண்டுபோய் வைத்த வருஷத்தில் ஒரு வழியும் கிடையாது. எழுதுகிறவள் என்ற ஒரே தைரியத்தில் ஒரு மனிதரைக் கதவில்லாத அறைக்குள் தள்ளிவிட்டேன்.

திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாமே என்பீர்கள். முயன்று பார்த்தேன். அதற்குள் அவருக்கு முகம் வந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: “பேராக் ஆற்றின் கரையில், விடிந்தும் விடியாத பொழுதில், பனி மூடிய ரப்பர் மரங்களுக்கிடையே” — போதும். அந்தப் பனியைப் பார்க்கச் சன்னாசிக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்துக்கு மேல் கத்தி வைத்தாக வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: “சன்னாசிக்கு மூத்திரம் நின்றுபோனது.” உண்மைதான். ஆனால் ஒரு மனிதரை முதன்முதலாக உங்களுக்கு அறிமுகப்படுத்துகிற விதமா இது?

மூன்றாவது, மங்களத்தின் வாயில் ஆரம்பிக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன். மங்களம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு, காட்டில் பக்கத்து நிரை. சன்னாசி வெட்டும் மரங்களுக்கு அடுத்த வரிசை மரங்கள் அவளுடையவை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த வீரம்மாவிடம் வந்து நின்றாள்.

“அக்கா, அண்ணே இப்பல்லாம் மரத்துக்கு மரம் பின்னால போய் நின்னு கும்புடுறாரு. எந்தச் சாமி எறங்கியிருக்கு அந்த மரத்துல?”

“வாயக் கழுவுடி.”

“நான் நாலு மரம் வெட்டி முடிக்கிறேன், மனுசன் இன்னும் அங்கயே நிக்கிறாரு. வேட்டிய அவுக்குறதும் கட்டுறதுமா. வேலை வாங்குற தண்டலு கண்ணுல பட்டா அரை நாளு கூலி போச்சு லா.”

வீரம்மா சிரித்தாள்.

[சிரித்ததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்னால் அவளுக்கு அது உறுத்தும். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.]

அடுத்த வாரம் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது சன்னாசி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். பால் முழுக்க மண்ணில். அடிவயிறு உடுக்கு மாதிரி விறைத்திருந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை. கோணிப்பையில் கம்பு செருகி இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வீரம்மா பின்னாலேயே ஓடினாள், வழியெல்லாம் சிரித்தது ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

3

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை, எட்டுக் கட்டில். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் கட்டுப்போடவும் மருந்து கொடுக்கவும் டிரஸர் மயில்வாகனம்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர் என்று பெயர், கை மட்டும் பூ மாதிரி.

கொதிக்கிற தண்ணீரிலிருந்து அவர் ஒரு சிவப்புக் குழாயை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. சன்னாசி வாய்விட்டு அழுதார், சுகத்தில். அழுது முடித்துவிட்டுக் குழாயைப் பார்த்தார்.

“இது என்னாங்கய்யா, ரப்பரா?”

“ஓம், ரப்பர்தான்.”

“நாங்க வெட்டுற பாலுதானா?”

“சீமைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கு.”

“எத்தினி மரத்துல கத்தி வச்சேன். ஏதோ ஒண்ணு ஆளத் தேடி வந்து பழி வாங்கிருச்சுங்கய்யா.”

டிரஸர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீரம்மாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார்.

“கேள் பிள்ளை. மூத்திரப்பை வாசலிலை ஒரு கட்டி. மெத்தெண்டு இருந்தால் வயசுக்கு வாற வீக்கமெண்டு சொல்லுவன். இது கல்லுப் போலை கிடக்கு. என்ரை கையிலை இப்பிடிப் பட்டது மூண்டு பேருக்குத்தான்.”

“அவங்கல்லாம் இப்ப எங்கங்கய்யா இருக்காங்க?”

டிரஸர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

“ஈப்போவுக்கு எழுதித் தாறன். பெரிய டாக்டர் அடிவயித்தைத் திறந்து குழாய் வைப்பார். கட்டியை எடுக்க ஏலாது. மூத்திரத்துக்கு வேறை வழி வெட்டி விடுறது, அவ்வளவுதான். சாகுமட்டும் இடுப்பிலை போத்தலைக் கட்டிக்கொண்டு திரியவேணும்.”

“வச்சா எத்தினி நாளுங்கய்யா இருப்பாரு?”

“ஒரு வருஷம். கூடவும் இருக்கலாம். வெட்டுற மேசையிலையே போறதும் உண்டு, பொய் சொல்லமாட்டன்.”

“வைக்காட்டி?”

“அடைக்கேக்கை எல்லாம் ஓடி வாங்கோ. நான் குழாய் விடுறன். எத்தனை தரம் விட ஏலுமெண்டு எனக்குத் தெரியாது.”*

* சீமையில் ரேடியம் என்று ஒரு சாமானை வைத்துக் கட்டியைச் சுடுகிறார்களாம் என்று டிரஸர் எங்கேயோ படித்திருந்தார். அதையும் அவர் சொல்வதாக ஒரு பத்தி எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். ஏழாங்கட்டையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நிற்கிற ஒருத்தியிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

4

இப்போது சன்னாசி யோசிக்க வேண்டும்.

[ஆங்கில மருத்துவம் ஒரு தட்டு, நாட்டு மருந்து ஒரு தட்டு என்று கட்டுரை மாதிரி இரண்டு பக்கம் எடைபோட்டு எழுதி வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சன்னாசியின் தலைக்குள் அதை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவருக்குத் தெரிந்தது பட்டை.]

ரப்பர் மரத்துக்கு ஒரு வியாதி உண்டு. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை உள்ளே பழுப்பேறிக் காய்ந்து, பால் நின்றுவிடும். ஏழு வருஷத்துக்கு முன் ஏழாங்கட்டையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு அது வந்தது. வெள்ளைக்கார மானேஜர் துரை ஒரு வைத்தியம் கொண்டுவந்தார். கெட்ட பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தார் பூசுவது. சன்னாசி தன் கையாலேயே இருநூறு மரம் சுரண்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் பேசினார்.

“நான் சொரண்டுன மரத்துல ஒண்ணாச்சும் உருப்பட்டுச்சா? முண்டும் முடிச்சுமா வீங்கிப் போச்சு. பொறவு கத்தியே எறங்கல. ஓடைக்கு அந்தாண்ட இருந்த மரங்களத் தொரை மறந்துட்டாரு. யாரும் தொடல. ரெண்டு வருசம் கழிச்சுப் போய்க் கத்தி வச்சேன். பாலு எப்புடி வந்துச்சு! நீதான் கூட நின்னியே.”

“நின்னேன்.”

“கெட்டுப் போனதச் சொரண்டக் கூடாது வீரம்மா. சும்மா விடணும். உள்ளுக்கு மருந்து குடுத்து, ஓய்வு குடுத்து விடணும். ஈப்போக்காரன் என் வயித்தச் சொரண்டித் தார் பூசுறேங்கிறான்.”

டிரஸரிடமும் இதையே சொன்னார். டிரஸர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீர் மரமில்லை, சன்னாசி. மரத்துக்கு ரெண்டு வருஷம் பால் நிண்டாலும் மரம் நிக்கும். உமக்கு மூண்டு நாள் மூத்திரம் நிண்டால் நீர் நிக்கமாட்டீர்.”

“ஐயா மரத்தப் பாத்ததில்ல,” என்றார் சன்னாசி, மரியாதையாக.

வீரம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியும். இதை நான் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் விடப்பட்ட மரங்கள் அறுபது. பால் திரும்பி வந்தது எட்டோ ஒன்பதோ. மற்றதையெல்லாம் துரை வெட்டிச் சாய்க்கச் சொல்லிவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க லயத்துப் பொம்பளைகள் அந்த விறகைத்தான் சுமந்து வந்து எரித்தார்கள். வீரம்மாவும் எரித்தாள். பால் வந்த மரங்கள் நின்றன, அதனால் சன்னாசி அவற்றைப் பார்த்தார், எண்ணினார். வராத மரங்கள் அவள் அடுப்பில் சோறு பொங்கிச் சாம்பலாகிப் போயிருந்தன. அவர் கணக்கில் அவை இல்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். (எழுதுகிறவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. சில சமயம் பதில் வரும்.) “அந்த மனுசன் மொகம் அன்னிக்குத்தாங்க தெளிஞ்சுச்சு,” என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, “எனக்குந்தான்,” என்றாள்.

5

இந்த இடத்தில் ஈப்போ பக்கத்துச் சிலிபினில் இருக்கிற அப்பாவு வைத்தியர் கதைக்குள் வருகிறார். இவரை நான் மூன்று முறை எழுதினேன்.

முதல் பிரதியில் பித்தலாட்டக்காரர். விரலுக்கு விரல் மோதிரம், உருட்டுகிற கண்கள், வாயைத் திறந்தால் பொய். உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நாம் தூங்கப் போகலாம். இரண்டாவது பிரதியில் மகான். அதைப் பற்றிப் பேசவேண்டாம். மூன்றாவதில் அவர் வெறும் அப்பாவு. இருமுகிறார், தானே மருந்து இடிக்கிறார். தேடி வந்த சன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்துக் கால் மணி நேரம் நாடி பார்த்தார்.

“கல்லா இருந்தா கரைச்சிருவேன்,” என்றார் கடைசியில். “வீக்கமா இருந்தா எறக்கிருவேன். கட்டியா இருந்தா…”

“இருந்தா?” என்றாள் வீரம்மா.

“கொஞ்ச நாளு எரிச்சல் இல்லாம வச்சிருப்பேன். எங் கையில அவ்வளவுதாம்மா இருக்கு.”

நெருஞ்சி முள் கஷாயம், மாவிலங்கப் பட்டைத் தூள், தேனில் குழைத்துத் தின்ன ஒரு வெள்ளைப் பற்பம். நாற்பத்தெட்டு நாள் கடும் பத்தியம். உப்பு கூடாது, புளி கூடாது, மீன் கூடாது. வேறு மருந்து கூடாது, குழாய் உள்ளே போகவே கூடாது. இரண்டு மஞ்சள் கயிறு எடுத்தார். காப்பு ஒன்றைச் சன்னாசி கையில் கட்டினார். இன்னொன்றை வீரம்மாவின் கையைக் கேட்டு வாங்கிக் கட்டினார்.

“எனக்கு எதுக்குங்க?”

“பத்தியம் திங்கிறவன் கையில இல்லம்மா, ஆக்குறவ கையில இருக்கு. நீயும் உப்பில்லாமத்தான் சாப்புடணும். நாக்கு உப்பக் கேட்டா கை தானாப் போட்டுரும்.”

“தவறிப்போய் விழுந்துட்டா?”

“கயித்த அவுத்து ஆத்துல விட்டுருங்க. எண்ணுன நாளு அத்தனையும் போச்சு. பொறவு எந்த வைத்தியம் வேணும்னாலும் பாத்துக்கலாம், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

ரயிலில் திரும்பும்போது சன்னாசி சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். “கரைச்சிருவேன்னு சொன்னாரு பாத்தியா?” என்றார்.

வைத்தியர் மூன்று சொன்னார். ஒன்றுதான் சன்னாசியின் காதில் ஏறியிருந்தது. வீரம்மாவுக்கு மூன்றும் ஏறியிருந்தது.

6

நல்ல நாட்களும் இருந்தன. அவற்றை எழுதாமல் விட்டால் நான் நியாயக்காரி இல்லை.

மங்கு என்கிற எனாமல் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு இருவரும் எதிரும் புதிருமாக உட்காருவார்கள்.

“இது கஞ்சியா, தொரை வீட்டு நாய் குளிச்ச தண்ணியா?”

“நாய் குளிச்ச தண்ணியில கொஞ்சமாச்சும் உப்பு இருக்கும். பேசாம குடிங்க.”

ஒன்பதாம் நாள் காலையில் லயத்துக்குப் பின்னாலிருந்து சன்னாசி கத்தினார். “வீரம்மா! ஓடியா! கேளு!” பாம்போ என்று பதறி ஓடினாள். பாம்பு இல்லை. அவர் வாழை மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார், வாழைச் சருகின்மேல் சத்தம் கேட்டது. நிற்காத, கனமான சத்தம். அவள் அவர் முதுகைப் பார்த்தபடி நின்று முழுவதையும் கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து மங்களம் எட்டிப் பார்த்து, “அக்கா, வாழைக்கு இன்னிக்கு நான் தண்ணி ஊத்த வேணாம் போல,” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

[இங்கேயே நிறுத்திவிடலாம் என்று ஒரு வாரம் இந்தப் பக்கத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள், வாழை மரம், மூன்று பேரின் சிரிப்பு. யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நான் எழுதாவிட்டாலும் பத்தாம் நாள் வந்துகொண்டிருந்தது.]

இருபதாம் நாள்வாக்கில் அவருக்கு இடுப்பெலும்பில் ஒரு வலி ஆரம்பித்தது. எழுந்து நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். மருந்து உள்ளே வேலை செய்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. வாழைச் சருகின் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. இருபத்தெட்டாம் நாள் காலையில் அது இல்லை.

7

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம்.

வயிறு மறுபடி விறைத்துப் பளபளத்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு பக்கம் திரும்பினால் கத்துகிறார், மறுபக்கம் திரும்பினால் கத்துகிறார். மங்களம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டிரஸர் மயில்வாகனம் தோல் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். அவர் லயத்துக்குள் காலெடுத்து வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“ஐயா, காப்பு கட்டியிருக்கேன்,” என்று சன்னாசி கையைத் தூக்கிக் காட்டினார். கும்பிடுவது போலவும் இருந்தது, தடுப்பது போலவும் இருந்தது.

“கயிறுதானே அது?”

“இன்னும் பத்தொம்பது நாளுதாங்கய்யா. இருவத்தொம்பது நாளு பல்லக் கடிச்சுட்டேன். இப்பக் குழா போட்டா எல்லாம் பாழாப் போயிரும். கரையற நேரத்துலதான் இப்புடி அடைக்கும். வைத்தியரு சொன்னாரு.”

வைத்தியர் அப்படிச் சொல்லவே இல்லை. வீரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிரஸர் வெளியே வந்தார். வீரம்மாவும் வந்தாள்.

“நாலு பேர விட்டுப் புடிச்சு அமுக்கிப் போட முடியாதாங்கய்யா?”

“மனமில்லாதவன் திமிறினால் உள்ளை கிழிஞ்சுபோம். பிறகு ரத்தத்திலை போவான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நாலு மணிக்கு நான் தைப்பிங்குக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோகவேணும். நாளைக்கு மத்தியானந்தான் திரும்புவன். அதுமட்டும் இவர் தாங்கமாட்டார். நாலு மணிக்குள்ளை ‘வாறன்’ எண்டு அவர் தன்ரை வாயாலை சொல்லவேணும். சொல்ல வை, பிள்ளை.”

அவர் போனார். வீரம்மா உள்ளே வந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். தைப்பிங்கில் கட்டிக்கொடுத்த மகள் நவமணியின் பெயரைச் சொன்னாள், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சொன்னாள். கடைசியில் ஓடைக்கு அந்தாண்டை வெட்டிய மரங்களைப் பற்றியும் சொன்னாள். ஐம்பது மரம், என் அடுப்பில் எரித்தேன் என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“இப்ப வந்து சொல்றியே,” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

8

கஞ்சி அடுப்பில் இருந்தது. மத்தியானத்துக்கு ஒரு மங்கு கஞ்சி, அதன் மேல் கஷாயம். எவ்வளவு வலித்தாலும் அதை மட்டும் அவர் தவறவிட்டதில்லை.

அப்போதுதான் வீரம்மாவுக்கு அந்த எண்ணம் வந்தது. நான் அதை அவளுக்குக் கொடுக்கவில்லை, சத்தியமாக. கயிற்றை அவராக அவிழ்க்கமாட்டார். ஆனால் கஞ்சியில் உப்பு விழுந்துவிட்டால்? முதல் வாயிலேயே தெரிந்துவிடும், இருபத்தொன்பது நாள் உப்பில்லாமல் கிடந்த நாக்கு. பத்தியம் முறிந்துவிடும். பாழாகிவிடுமே என்று பயப்பட ஒன்றும் மிச்சமிருக்காது. டிரஸரைக் கூப்பிடலாம்.

மங்களம் வீட்டு உப்புக் கொட்டாங்கச்சியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த வீட்டில் உப்பே இல்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்.

அவள் போடுகிறாள். அவர் குடிக்கிறார், நிறுத்துகிறார், அவளைப் பார்க்கிறார். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கிறார். “தூக்கச் சொல்லு,” என்கிறார். குழாய், பிறகு ஈப்போ, பிறகு இடுப்பில் போத்தல். பதினொரு மாதம். இதை எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

அவள் போடுகிறாள். அவர் துப்புகிறார். “கொன்னுட்டியேடி.” குழாய் போடுகிறார்கள், ஈப்போவுக்குப் போகிறார்கள், அதே பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இன்னும் பத்தொன்பது நாள் விட்டிருந்தால் கரைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டே சாகிறார். பார்க்க வருகிறவர்களிடமும் அதையே சொல்லிவிட்டுச் சாகிறார்.

அவள் போடவில்லை. மறுநாள் விடியும்போது அவர் இல்லை. கையில் கயிறு இருக்கிறது. ஒருநாளும் பத்தியம் தவறாத மனுஷன், அவன் பெண்டாட்டியும் அப்படித்தான் என்று லயமே சொல்கிறது. அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கவனித்திருப்பீர்கள், மூன்றிலும் அவர் சாகிறார். கஷாயத்தில் கட்டி கரைந்துபோகிற முடிவு ஒன்றை ஏழு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். ஈப்போ டாக்டர் கட்டியை முழுசாக எடுத்துவிடுகிற முடிவை ஒரு வரிகூட எழுத முடியவில்லை, கை ஓடவில்லை. அந்த வருஷத்தில் யாரும் அதை எடுத்துவிட முடியாது என்று டிரஸர் சொன்னபோது நானும்தானே அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

ஆகையால் சன்னாசியைக் காப்பாற்றுவது பற்றி இனி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாக்கி இருப்பது வீரம்மா. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் இருபது வருஷமாவது இருப்பாள். அந்த இருபது வருஷத்துக்கு எதைச் சுமந்துகொண்டு போகப்போகிறாள் என்பது மட்டும்தான் இன்று மத்தியானம் இந்த அடுப்படியில் முடிவாக வேண்டும்.

9

மணி மூன்று இருக்கும்.

வீரம்மா கஞ்சியை மங்கில் ஊற்றினாள். கொட்டாங்கச்சியில் கல் உப்பு, லேசாக ஈரம் கோத்திருந்தது. மூன்று விரலால் எடுத்தாள். உள்ளே சன்னாசி முனகுவது கேட்டது.

அப்படியே கையை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“எங்களக் கொண்டாந்து இந்த வருசத்துல வச்சது நீங்கதானே?” என்றாள். “போடவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

நான் இந்த வரியில் மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். போடு என்று எழுதினால், அவர் அவளை என்ன சொல்லுவார் என்பதையும் நான்தான் எழுதவேண்டும். போடாதே என்று எழுதினால், நாளைக் காலையை நான்தான் எழுதவேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை. அவளிடம் அதைச் சொன்னேன். “அப்ப யாருக்குத்தாங்க இருக்கு?” என்று கேட்டாள்.

உங்களைக் கை காட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது கொட்டாங்கச்சி தரையில் இருந்தது, அவள் மங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். சன்னாசி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மங்கை வாங்கினார். ஊதினார். வாய்க்குக் கொண்டுபோகிறார்.

அந்தக் கஞ்சியில் உப்பு இருக்கிறதா, இல்லையா?

சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு வலிக்கிறது.